எண்ணெய் நிற்கிற வரைக்கும்

ஆனைக்கல் ஏலக்காடு,
போடிமெட்டு மலை.
4-7-1955

தம்பி காசிராஜனுக்கு அக்கா அன்னக்கொடி எழுதுவது.

உனக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று உன் மச்சான் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். அவர் வீட்டில் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். பயந்துவிடாதே, ஆள் நன்றாக இருக்கிறார். முழங்கால்தான் பிசகிவிட்டது.

சனிக்கிழமை மேல்காட்டைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மூன்றாம் வளைவில் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு பலா வேர் தடுத்திருக்காவிட்டால் நேரே ஓடைக்குள் போயிருப்பார். மழையில் வழுக்கியது என்கிறார். நான் பின் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். பாதி டயர் எண்ணெய். கியர் பெட்டியில் ஒழுகுவது சங்கிலியில் ஏறுகிறது, சங்கிலி அதை டயரில் தெளிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை.

வைகாசியில் நடந்ததில் உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்தான். சிலமலைச் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு அந்த மனிதர் புது வேட்டி கட்டிக்கொண்டு, நீ தையில் சீராகக் கொடுத்த வண்டியில் வந்து இறங்கினார். வேட்டியின் வலது பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். “மாப்ள வண்டியில வந்தாரா, செக்குல வந்தாரா?” என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. அவர் அவமானத்தில், “பட்டாளத்துல கழிச்சுப் போட்டத எந் தலையில கட்டிட்டான்” என்றார். சரி, சொல்லிவிட்டார். நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “ஓட்டத் தெரியாத ஆளுக்குக் குடுத்தது எந் தப்பு” என்றாய். அதற்குத்தான் அவர் போட்ட இலையை விட்டு எழுந்து, “இந்த எண்ணெ நிக்கிற வரைக்கும் ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன். ஒன் கை எவ் வண்டியில படவும் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். உன் கை படாமல் எண்ணெய் எப்படி நிற்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை.

மலையாள வைத்தியர் வந்து பச்சிலை வைத்துக் கட்டி, “பதினாலு திவசம் காலு அனக்கண்டா” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பதினாலு நாள் காலை அசைக்கக் கூடாதாம். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை கட்டு அவிழும். அன்றைக்கே வண்டியை எடுப்பார். மூன்று காடுகளுக்கும் அவர்தான் மேற்பார்வை, நடந்து போய்ச் சேர முடியாது. நான் அந்த வண்டியில் இனி ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் அப்படி முடிவு செய்ய முடியாது.

அதற்குள் எண்ணெய் நிற்க வேண்டும். உன் கை படக் கூடாது என்றுதானே சொன்னார். என் கை படலாம். வண்டி இந்த ஸ்டோரில்தான் நிற்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. ஜீப் டிரைவர் சின்னமுத்துவிடம் கொடுத்து அனுப்பு. கடிதத்தைக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் வை. அந்த நாற்றத்துக்கு அவர் கிட்டே வரமாட்டார்.

அன்னக்கொடி


போடி
6-7-1955

அக்காவுக்கு,

மச்சான் விழுந்த சேதி படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கட்டு அவிழும்வரை அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடாதே.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தையில் நான் கொடுத்தபோது அந்த வண்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. இங்கிலீஷ்காரன் வண்டி என்றாலே ஒழுகும் என்று பட்டாளத்தில் கேலி செய்வார்கள். அதற்காகவே நான் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக் கட்டினேன். கொடுப்பதற்கு முன்னால் மூன்று தடவை மெட்டு வரைக்கும் ஏற்றி இறக்கினேன். பர்மா எல்லைச் சேற்றில் இதே மாதிரி வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டியவன் நான். பந்தலில் பேசியது தப்பு என்றால் தப்புதான். வண்டி தப்பு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்து. பின் சக்கரம் தரையில் படக் கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால் கியர் பெட்டியைச் சுற்றிலும் துடை. நன்றாகக் காய்ந்த பிறகு உன் முகப் பவுடரை அதன் மேல் பூராவும் தூவு. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்து இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடு. சக்கரம் சும்மா சுற்றும். பத்து நிமிடம் கழித்து நிறுத்திப் பார். பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைகிறதோ அதுதான் ஒழுகும் இடம். ஸ்டோர்க் கதவைத் திறந்து வை, புகை ஆகாது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள். சங்கிலிப் பக்கம் கையைக் கொண்டு போகாதே. இதை இரண்டு தடவை படி.

காசிராஜன்


ஆனைக்கல்
9-7-1955

தம்பிக்கு,

வண்டியைக் கிளப்பியது நான் இல்லை, மருதாயி. ஸ்டோரில் அடுப்பெரிக்கிற மருதாயியை உனக்குத் தெரியாது. இரண்டு ஈரக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த மேட்டில் ஏறுகிறவள். அவள் உதைத்தும் முதல் நாள் அந்த வண்டி அசையவில்லை. இரண்டாம் நாள் அதுவே திருப்பி உதைத்தது, அவள் கெண்டைக்காலில். “எம் புருசங்கூட இப்புடி ஒதைச்சதில்ல ஆத்தா” என்றாள். மூன்றாம் நாள் ஒரே உதை. ஸ்டோரே அதிர்ந்தது. அவள் ஒரு பக்கம் குதிக்கிறாள், நான் ஒரு பக்கம் குதிக்கிறேன்.

வீட்டுக்குப் போனால் அவர், “என்ன சத்தம் அது?” என்றார். மருதாயி முந்திக்கொண்டு, “ஜீப்பு வந்துச்சுய்யா” என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பவுடர் ஒரு டப்பா தீர்ந்தது. கேட்டுக்கொள். உதைக்கிற கம்பி பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் நனைந்தது. வலது பக்க மூடி சேருகிற கோடு நெடுக நனைந்தது. இடது பக்கம் சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்தும் வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில். எது முதலில் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு முகத்துக்குப் போடப் பவுடர் இல்லை, அது வேறு.

அன்னக்கொடி


போடி
11-7-1955

அக்காவுக்கு,

மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் என்றால் எனக்கே புரியவில்லை. முதலில் செய்யக் கூடியதைச் செய்வோம். சங்கிலிச் சக்கரத்தைக் கழற்ற உன்னால் முடியாது, அதை விட்டுவிடு. மற்ற இரண்டையும் நிறுத்தலாம்.

இந்தப் பொட்டலத்தில் மூடிக்கு அளவாக வெட்டிய தடித்த காகிதம், கம்பளித் துணியில் ஒரு வளையம், ஸ்குரூ கழற்றத் திருப்புளி ஒன்று, ஸ்பானர் இரண்டு, எண்ணெய் ஒரு டின், ஒரு சீசா இருக்கின்றன. சீசாவில் இருப்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்தது. குடிக்கிற சாராயம் இல்லை என்று மருதாயியிடம் சொல்லிவிடு.

அடியில் உள்ள திருகாணியைக் கழற்றி எண்ணெயைச் சட்டியில் வடி. உதைக்கிற கம்பியைக் கழற்று. வலது பக்க மூடியின் ஆறு ஸ்குரூக்களையும் எடு. நீளம் ஒன்றுபோல் இருக்காது, ஆகையால் எடுத்த வரிசையில் சுளகில் வை. வெளி மூடி மட்டும் வரட்டும். உள்ளே ஒரு சுருள்வில் தெரியும், அதைத் தொட்டால் உன் பல் போகும். பழைய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடு, கத்தி வைக்காதே. புதுக் காகிதத்தின் இரண்டு பக்கமும் சீசாவில் இருப்பதைத் தடவி, கொஞ்சம் ஒட்டும் பதம் வந்ததும் வைத்துப் பூட்டு. கம்பி நுழைகிற இடத்தில் கம்பளி வளையத்தை எண்ணெயில் ஊறவைத்துப் போடு. மேல் மூடியைத் திறந்து, பக்கத்துத் துளையில் வழிகிற வரைக்கும் எண்ணெய் ஊற்று. அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

மச்சானுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே.

காசிராஜன்


ஆனைக்கல்
14-7-1955

தம்பிக்கு,

இரண்டு நாள் ஆயிற்று. நீ சொன்ன ஒன்றையும் விடவில்லை. என் நகக்கண்ணில் எண்ணெய் ஏறி, சீயக்காய் போட்டும் போகவில்லை. “கையென்ன இப்புடிக் கெடக்கு?” என்று கேட்டார். அடுப்புக்கரி என்றேன். கேட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

இன்றைக்கு ஓட்டிப் பார்த்தோம். உதைக்கிற கம்பியில் ஈரம் இல்லை. மூடிக் கோட்டில் ஈரம் இல்லை. மருதாயி கைதட்டினாள். நான் இடது பக்கம் போய்ப் பார்த்தேன். சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஊற்றுகிறது. முன்னே மூன்று இடத்தில் வந்தது எல்லாம் இப்போது அந்த ஒரே இடத்தில் வருகிறது. பின் டயரில் கை வைத்தால் வழுக்குகிறது. தம்பி, நாம் வேட்டியைக் காப்பாற்றி ஆளைக் கொல்லப் பார்க்கிறோம்.

அவர் சொன்னதில் தப்பில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஏன் கழித்தார்கள்? நல்லதாக இருந்தால் அவர்களே வைத்துக்கொள்ள மாட்டார்களா? உனக்கு அந்த வண்டி மேல் இருக்கிற பிரியத்தில் பாதி மச்சான் மேல் இருந்தால் அதை மலைக்குக் கொடுத்திருக்க மாட்டாய்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். மூன்றாம் வளைவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்னக்கொடி


போடி
15-7-1955

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். மச்சான் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, நீ சொன்னது வலித்தது.

கடையைப் பூட்டிவிட்டு மெட்டு பஸ்சுக்குப் போய் நின்றேன். வந்து என் கையால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று. பஸ் வந்தது. மச்சான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. நான் வந்து தொட்டால் அவர் அந்த வண்டியை ஓடையில் தள்ளிவிட்டு நடப்பார். உன்னோடும் பேசமாட்டார். பஸ்சை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டுக்காரி முத்துப்பேச்சி, “மெட்டுக்குப் போறேன்னு போன மனுசன் மொக வாட்டமா வந்து நிக்கிறீக” என்றாள். 

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. இரண்டு வழியை அடைத்ததும் மூன்றாவது வழியில் எல்லாம் வருகிறது என்றால் எண்ணெய் தானாக ஒழுகவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது. எது என்று இங்கே இருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒன்று செய். வண்டியைச் சுற்றி வந்து பார். தையில் நான் கொடுத்த அன்றைக்கு இல்லாதது எதெல்லாம் இப்போது அதில் இருக்கிறது? சின்னது, பெரியது, அசட்டுத்தனம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுது. என்னைத் திட்டுவதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

காசிராஜன்


ஆனைக்கல்
16-7-1955

தம்பிக்கு,

திட்டியதற்கு வருந்துகிறேன். பயத்தில் எழுதினேன். உன்னை அல்லாமல் நான் யாரைத் திட்ட முடியும்?

நீ கேட்டபடி சுற்றி வந்து பார்த்தேன். விளக்குக்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறது, நான் கட்டியது. பெட்ரோல் டாங்கியில் பழனி ஆண்டவர் படம், அவர் ஒட்டியது. உட்காரும் இடத்தில் சாக்கு மடித்துப் போட்டிருக்கிறது. பின்னால் கூடை வைக்க ஒரு பலகை. முன் சக்கரத்துக்கு மேல் பழைய டயர்த் துண்டு ஒன்று, சேறு தெறிக்காமலிருக்க. இடது கைப்பிடி ரப்பர் கிழிந்து, துணி சுற்றியிருக்கிறோம். கண்ணாடி விழுந்த அன்றைக்கே உடைந்துவிட்டது. ஹாரன் சத்தம் இல்லை, அது முன்பே இல்லை.

கியர் பெட்டியில் புதிதாக ஒன்றும் இல்லை. எண்ணெய் ஊற்றுகிற மேல் மூடியில் நான் வைத்த அரக்கு மட்டும்தான். அதன் நடுவில் ஓர் ஊசித் துளை இருந்தது, நீ பார்க்காமல் விட்டது போலிருக்கிறது. சித்திரையில் கோடைமழை கொட்டியபோது அந்த மூடி மேல் தண்ணீர் தேங்கி நின்றது. உள்ளே இறங்கிவிடும் என்று, வியாபாரிக்கு ஏலக்காய் மாதிரி அனுப்புகிற டின்னுக்கு வைக்கிற அரக்கை உருக்கி ஊற்றி, காட்டு முத்திரையையும் அழுத்திவிட்டேன். முத்திரையின் யானை நன்றாக விழுந்திருக்கிறது. இன்றுவரை அசையவில்லை. அந்த வண்டியில் ஒரு சொட்டுகூட வெளியே வராத இடம் அது ஒன்றுதான். சீசாவில் அரக்கு அனுப்புகிறவனே, அந்த வித்தை எனக்கு முன்பே தெரியும்.

அவர் இன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். 

அன்னக்கொடி


போடி
17-7-1955

அக்கா,

அந்த அரக்குதான்.

பெட்டிக்குள் பற்சக்கரங்கள் சுற்றிச் சூடேறும்போது உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியே போக அந்த ஊசித் துளை ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் காற்று எண்ணெயைப் பிடித்து, கிடைத்த இடுக்கில் எல்லாம் தள்ளும். மழைத் தண்ணீர் அந்தத் துளையில் இறங்கினாலும் ஒரு துளி, இரண்டு துளி. அதனால் ஒன்றும் ஆகாது.

வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்து. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அரக்கைப் பெயர்த்து எடு. துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய். டயரையும் சங்கிலியையும் மண்ணெண்ணெயில் துடை, டயரைப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. பவுடர் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். தூவி மறுபடி ஓட்டு. வேறு எதையும் தொடாதே.

சின்னமுத்து ஞாயிற்றுக்கிழமை ஜீப் எடுக்க மாட்டேன் என்றான். காலில் விழாத குறையாகக் கேட்டு அனுப்புகிறேன்.

காசி


ஆனைக்கல்
19-7-1955

தம்பி காசிராஜனுக்கு,

நின்றுவிட்டது. எண்ணெய் நின்றுவிட்டது.

நேற்றுக் காலையில் உன் கடிதத்தைப் பார்த்ததும் ஸ்டோருக்கு ஓடினேன். மருதாயி ஓட்டி நிறுத்தினாள். நான் திருப்புளியின் முனையை அரக்குக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். உஸ் என்று ஒரு மூச்சு வந்தது. இவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு. மருதாயி, “ஆத்தாடி, இதுக்கும் உசுரு இருக்கு” என்று பின்னால் போனாள். துடைத்து, பவுடர் தூவி, அரை மணி நேரம் ஓட்டினோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன் (வண்டியை நிறுத்திவிட்டுத்தான்). விரலில் பவுடர் மட்டும் வந்தது. டயர் சுட்டெடுத்த ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. நான் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன், மருதாயி ஏன் என்று தெரியாமலே கூட அழுதாள். அப்பாடா என்று இருந்தது.

அது ஒரு நாழிகைதான். பிறகு யோசித்தேன். சித்திரையில் நான் அரக்கு வைத்தேன், வைகாசியில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். அவர் உன்னைச் சொன்னார், நீ அவரைச் சொன்னாய். செய்தவள் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்கூட உன் வண்டியைப் பழித்தேன். அவர் ஓடையில் போயிருந்தால் அதுவும் என் கையால்தான். இதை எப்படி அவரிடம் சொல்வேன்?

இன்னும் சொல்லவில்லை. நல்ல வேளையாக, நேற்று வைத்தியர் கட்டை அவிழ்த்த பிறகும் வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் போகட்டும் என்றார். கடவுள் எனக்கு இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்.

அன்னக்கொடி


போடி
20-7-1955

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முத்துப்பேச்சிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவளே வாங்கிப் படித்தாள். மச்சான் பத்திரமாக இருக்கிறார் என்பது போதும். இரண்டு வாரமாகக் கடையில் எந்த வண்டியைத் தொட்டாலும் அந்த வளைவுதான் கண்ணுக்குள் நிற்கும். இன்றைக்குத்தான் ஒரு சைக்கிளுக்கு ஒழுங்காகப் பஞ்சர் ஒட்டினேன்.

நீ மச்சானிடம் அரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காசிராஜன் மூடியில் துளை போட மறந்துவிட்டான், தப்பை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறான், அதைச் சரி செய்தாயிற்று என்று சொல். அவருக்கும் மனம் ஆறும், உனக்கும் சங்கடம் இல்லை. இதில் பாதி உண்மைதான். ஒரு வண்டியை ஒருவருக்குக் கொடுக்கும்போது அதன் துளை எதற்கு, திருகாணி எதற்கு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பட்டாளத்தில் எங்களுக்கு அதைத்தான் முதலில் சொன்னார்கள். நான் எண்ணெய் பூசி மினுக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

ஓட்டத் தெரியாத ஆள் என்றேனே, அதைத்தான் நினைத்தால் கூசுகிறது. எண்ணெய் வழிகிற டயரோடு மூன்று மாதம் அந்த மலையில் ஏறி இறங்கி ஒரு தடவைதான் விழுந்திருக்கிறார் என்றால் அவரைப்போல ஓட்டுகிறவன் இந்தத் தாலுகாவில் கிடையாது.

காசிராஜன்


ஆனைக்கல்
24-7-1955

தம்பிக்கு,

நீ சொன்னபடி செய்யவில்லை. உன் மேல் பழியைப் போட்டு நான் நிம்மதியாக இருக்க முடியுமா? நீ தாங்குவாய், எனக்குத் தாங்காது.

வியாழக்கிழமை அவர் வண்டியை எடுத்தார். மேல்காடு போய் வரும் வரைக்கும் நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். மதியம் வந்து இறங்கினார். காக்கி டவுசரில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.  கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கஞ்சியை வைத்து, பக்கத்தில் அந்த அரக்கையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரக்கு, முத்திரை, உன் கடிதங்கள், பவுடர், மருதாயி, எல்லாம்.

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, “எவ் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா அன்னம்?” என்றார். “பத்து நாளா நம்ம ஸ்டோருக்குள்ள வந்து நின்னு உறுமுற ஜீப்பு எது? போடியிலருந்து இத்தன கருவாடு வந்துச்சே, ஒரு நாளாச்சும் கொழம்பு வச்சியா?”

 தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தெரிஞ்சதாச் சொன்னா நிறுத்துன்னு சொல்லணும். பந்தல்ல அத்தன பேரு முன்னால சொன்ன சொல்லு இருக்குல்ல. தெரியலைன்னா நீ பாட்டுக்குச் செய்வ” என்றார். அப்புறம் காலைத் தடவிக்கொண்டே, “காலு ஞாயித்துக்கிழமையே சரியாப்போச்சு. திங்கக்கெழம நீ கண்ணீரும் கம்பலையுமா ஸ்டோர்லருந்து வந்த. சோலி முடியல போலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கிட்டேன்” என்றார். நான் சந்தோஷத்தில் அழுததை அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில், “காசிய அப்புடிப் பேசியிருக்கக் கூடாது” என்றார். உன்னை அவர் காசி என்று சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போடிக்கு இறங்குகிறார். தனியாகத்தான். காய் எடுப்பு தொடங்கிவிட்டது, நான் ஸ்டோரை விட்டு வர முடியாது. ஆள் வருவார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். உன் வீட்டில் சாப்பிடுவாரா என்று கேட்டேன், எழுந்து வெளியே போய்விட்டார். முத்துப்பேச்சியை எதற்கும் சமைக்கச் சொல். நீ முந்திக்கொண்டு எதுவும் பேசாதே, தம்பி. உன் வாயைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

அன்னக்கொடி


போடி
1-8-1955

அக்காவுக்கு,

நேற்று மச்சான் வந்தார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. வேட்டி கட்டி வந்திருந்தார், அக்கா. வெள்ளை வேட்டி. மலையிலிருந்து அதோடு இறங்கி வந்திருக்கிறார்.

வண்டியை வாசலில் நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, கியர் பெட்டிக்கு நேர் கீழே தரையில் விரித்தார். பிறகு கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் எதிரே நின்றேன். மழை எப்படி, காய் எப்படி என்று கேட்டேன், சொன்னார். வீட்டுக்குள் வாருங்கள் என்று முத்துப்பேச்சி வந்து கூப்பிட்டாள். “இருக்கட்டும்மா” என்றார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, வண்டிக்கு அடியில் துண்டு எதற்கு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். காதுகுத்துப் பந்தலில் செக்கு என்று கேலி செய்த சிலமலை ஆளும் அந்த வழியாக வந்தார். அவரும் நின்று குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.  நானே கட்டிய வண்டி, நானே சொல்லிச் சரி செய்த வண்டி, ஆனாலும் ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் எழுந்து போனார். குனிந்து துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எலையப் போடச் சொல்லு மாப்ளே” என்றார்.

என்னால் கண்ணை அடக்க முடியவில்லை. நல்ல வேளை, அவர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மூன்று தடவை சோறு வாங்கினார். முத்துப்பேச்சி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் முதல் தடவையாகச் சிரித்தார். பந்தலில் பேசியதற்கு நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “சாப்புடுறப்ப பேசாத, பொறையேறும்” என்று நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் சமாதானம்.

மூடியை நான் தொடவில்லை. நீ சுத்தம் செய்த துளை நன்றாக இருக்கிறது. ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட இளகவில்லை. என் கடையில் வேலை கற்க வந்தவர்கள் யாரும் முதல் தடவையே இவ்வளவு ஒழுங்காகப் பூட்டியதில்லை. மருதாயிக்கு ஒரு சேலையும் உனக்கு இரண்டு டப்பா பவுடரும் மச்சானிடம் கொடுத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம், அக்கா. மச்சான் பின்னால் உட்கார்ந்தே வா. அவர் புறப்படும்போது பின் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

காசிராஜன்